மாடிக்கு விட்ட கம்பி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு புது வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தேன். யாரும் குடியிருக்கிற வீடு இல்லை. கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையோரம் கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில், வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகவே ஜோடித்து வைத்திருக்கும் மாதிரி வீடு. என் மகள் ஜெனிதான் எங்களைக் கூட்டிப்போனாள். அவளும் மாப்பிள்ளை பிரபுவும் இருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஜெனி மாசமாக இருக்கிறாள். பிள்ளையைச் சொந்த வீட்டுக்குத்தான் தூக்கிப்போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

"இதுதான் சார் மாஸ்டர் பெட்ரூம்" என்றாள் சுற்றிக்காட்டிய பெண். அறை பெரிதாகத்தான் தெரிந்தது. எனக்கோ முட்டிவலி. கட்டிலைப் பார்த்ததும் சற்றே சாய்ந்தேன். முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே தொங்கியது. அறை பெரிதாகத் தெரியட்டும் என்று கட்டிலைச் சின்னதாகச் செய்து போட்டிருக்கிறார்கள்! என் மனைவி ஸ்டெல்லா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். விலையைச் சொன்னதும் அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பிரபு உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. காண்ட்ராக்ட் என்றதுமே, கடனுக்கு வழி சொல்ல உட்கார்ந்திருந்தவர் பேனாவை மூடிவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் புதுப் பெயிண்ட் வாசனை மூக்கைவிட்டுப் போகவில்லை. எங்கள் வீடு பெயிண்டைப் பார்த்ததே நாங்கள் குடிபோய்ப் பல வருஷம் கழித்துத்தான். சர்ச் சாமியார் வந்து வீட்டை மந்திரித்த அன்று சுவரில் பூச்சுகூட இல்லை. தெளித்த தீர்த்தத்தைச் செங்கல் அப்படியே குடித்துவிட்டது. சமையலறைக்குக் கதவு இல்லாமல் ஸ்டெல்லாவின் பழைய புடவை தொங்கியது. வெட்கப்பட வேண்டிய அவசியமே இல்லை, தெருவே அப்படித்தான் இருந்தது. அப்பா அம்மாவெல்லாம் ஊரார் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நாங்கள் இரும்பு மில்லுக்குப் போன முதல் தலைமுறை. முள்ளுக்காடாகக் கிடந்த மனையை வாங்கி, போனஸ் வந்தால் ஒரு கதவு, சீட்டு எடுத்தால் ஒரு சுவருக்குப் பூச்சு என்று வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்தோம்.

மில் என்றதும் எனக்குச் சூடான இரும்பின் வாசனைதான் ஞாபகம் வரும். சிவக்கக் காய்ந்த இரும்பு, முறுக்கு பிழிவதுபோல ஒரு பக்கம் போய் மறுபக்கம் கம்பியாக நீண்டு வரும். சம்பளத்துக்குத்தான் நின்றோம் என்றாலும், ஊரெல்லாம் எழும்பும் வீட்டுக்குள் நாங்கள் போட்ட கம்பி இருக்கிறது என்று ஒரு கர்வம். அந்தக் கர்வம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் போய் நட்டுக்கொண்டு நின்றது.

நீங்கள் எங்கள் பக்கம் வந்திருந்தால் பார்த்திருப்பீர்கள். வீடு தரைத்தளத்தோடு நின்றிருக்கும். தூண்களின் கம்பி மட்டும் கூரையைத் தாண்டி மேலே நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் மாடி எழுப்பினால் அதில் சேர்த்துக் கட்டுவதற்காக விட்டது. இடுப்பளவு விட்டால் போதும். நான் விடுவேனா?

"இன்னும் கொஞ்சம் வுடுங்க மேஸ்திரி, மாடிக்கு ஆவும்."

"எவ்ளோப்பா வுடறது? வானத்துக்கா கட்டப்போற?"

பக்கத்து வீட்டு ஏழுமலை, அதே மில்காரன், என்னுடையதைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதை இன்னும் உயரமாக விட்டான். தெருவே போட்டி போட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட வாசலில் நின்று முதலில் மேலேதான் பார்ப்பார்கள். "மாடிக்கு வுட்டுகீறாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதிச் சம்பந்தம் முடிந்த மாதிரி. ஸ்டெல்லா அதில் துணி காயப்போட்டாள். கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டினோம். ஆடி மாதம் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போய்வந்தால் ஏழுமலை தன் கம்பியில் வேப்பிலை செருகுவான். ஜெனிக்குச் சோறு ஊட்டும்போது அந்தக் கம்பிகளைக் காட்டித்தான் ஊட்டுவேன். "மேல கட்டப்போறது ஒனக்குதான்டி" என்பேன். கடவுள் சத்தியமாக, நம்பித்தான் சொன்னேன்.

வெளியே நிற்கும் கம்பிக்குச் சிமெண்ட் பால் அடித்து மூடி வைக்க வேண்டும். எங்களுக்குத் தெரியாதா? மில் முற்றத்தில் போட்ட கம்பி ஒரே மழையில் செம்மண் நிறமாவதைத் தினமும் பார்த்தவர்கள்தானே! ஆனால் வீட்டுக்கு வந்தால் அது வேறு கம்பியாகிவிடும்.

"நம்ம மில்லு கம்பிடா, இதுக்கு இன்னா ஆவும்?" என்பான் ஏழுமலை. நானும் மண்டையை ஆட்டுவேன். மூடிவைத்தால் மாடி கட்டும் எண்ணத்தையே மூடிவிட்ட மாதிரி தெருவில் நினைத்துக்கொள்வார்கள் என்று வேறு பயம். இந்த வருஷம் மாடி எழுப்பிவிடலாம் என்றிருக்கும்போதே ஐப்பசி மழை வந்துவிடும். பள்ளிக்கூடச் செலவு, குளியலறை ஒழுகல், ஸ்டெல்லாவின் ஆபரேஷன் என்று ஏதாவது முந்திக்கொள்ளும். பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக்காற்றும் மில் தூசியும் மட்டும் ஒரு வருஷமும் லீவு போடவில்லை.

மாதிரி வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் திரும்பும்போதுதான் ஜெனி சொன்னாள்.

"அதெல்லாம் நமக்கு ஒத்துவராது நைனா. நம்ம ஊட்டு மேலயே ஒரு ரூமு, ஒரு கிச்சன் போட்டுக்கறோம். அதான் கம்பி வுட்டுகீதே."

எனக்கும் அது சரியென்றே பட்டது. புதன்கிழமை பிரபு தனக்குத் தெரிந்த இன்ஜினியர் தம்பியைக் கூட்டிவந்தான். அவர் மூலைத்தூணைச் சின்னச் சுத்தியலால் தட்டினார். பூச்சு அப்பளமாக உரிந்து விழுந்தது. உள்ளே கம்பி ஊதிப்போய், தொட்டால் ஏடு ஏடாக வந்தது.

"மேல வுட்ட கம்பி வழியாவே தண்ணி உள்ள எறங்கிக்கீது சார். மாடி பேச்சே வேணாம். மொதல்ல கம்பிய அறுத்து மூடுங்க. இருக்கற ஊட்ட காப்பாத்திக்கினா போதும்."

அன்றிலிருந்து மேகம் கூடினாலே எழுந்துபோய் மூலைத்தூணைப் பார்த்துவிட்டு வருகிறேன். சாப்பிடும்போது கண் கூரைக்குப் போகிறது. மாடியை விடுங்கள், இருக்கிற வீடாவது இந்த மழைக்கு நிற்குமா என்ற பயத்தை ஸ்டெல்லாவிடம்கூட வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

நேற்று ஆள் வந்து கம்பிகளை அறுத்தார். மேலே நின்று தெருவைப் பார்த்தேன். ஏழுமலை வீடு கைமாறி, அங்கே டைல்ஸ் பதித்த புது வீடு நிற்கிறது. இப்போதெல்லாம் எல்லாம் ஒரேயடியாகக் கடனில் முடித்த வீடுகள். நாங்கள் குடிபோன மாதிரி அரை வீட்டை இன்று யாரும் விற்பதில்லை. அரை வீட்டுக்குக் கடனும் கிடையாது. மனை விலையோ கம்பெனிகள் வந்த பிறகு கிட்டவே போக முடியாத உயரம். ஒரு கதவு, ஒரு சுவர் என்று ஏறிவர எங்களுக்கு இருந்த வழி எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை.

ஜெனி தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அப்போ நாங்க எங்க நைனா போறது?"

"பாத்துக்கலாம்மா" என்றேன்.

சின்னப் பெண்ணாக இருந்தபோது இப்படிச் சொன்னால் "எப்போ, எப்போ?" என்று உயிரை வாங்கிவிடுவாள். நேற்று அவள் அதைக் கேட்கவில்லை. வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாகப் படியிறங்கிப் போனாள்.