வெயில் ஓரம் அவருக்கு, நிழல் ஓரம் எனக்கு

ஒரே வாரத்தில் இரண்டு டாக்டர்கள் எங்கள் காலை நடையில் மண்ணைப் போட்டார்கள். என் கணவருக்கு வைட்டமின் டி ரொம்பக் குறைவு என்றார் ஒருவர். முப்பது வருடம் பொம்மசந்திரா ஃபேக்டரியில் டியூப்லைட்டுக்கு அடியிலேயே நின்றவர் அவர். ரிட்டயர் ஆன பிறகு நாற்காலியிலிருந்து எழவே என் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. மாத்திரையோடு, தினமும் பத்து மணிக்கு மேல் கொஞ்ச நேரம் வெயிலில் நடக்கச் சொன்னார்கள். எனக்கோ வெயில் பட்டால் முகம் சிவந்து தடித்துவிடும். "க்ரீம் பூசினாலும் நிழல்லயே இருங்க" என்றார் என் தோல் டாக்டர்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஷிஃப்ட், ஷிஃப்ட் என்று ஓடிய மனிதர் இப்போதுதான் என்னோடு நடக்க வீட்டில் இருக்கிறார். அதையும் பிடுங்கிக்கொண்டால் எப்படி?

"நீ வீட்ல இரு, நான் போயிட்டு வரேன்" என்றார்.

"அதெல்லாம் ஆகாது" என்றேன்.

தொம்மலூரில் எங்கள் தெருவில் அந்த நேரத்தில் ஒரு பக்கம் மாடி வீடுகளின் நிழல், எதிர்ப்பக்கம் சுள்ளென்று வெயில். அவர் அந்த ஓரம் நடந்தார், நான் இந்த ஓரம் நடந்தேன். நடுவில் ஸ்கூட்டரும் ஆட்டோவும். டியூஷன் எடுத்துப் பழகிய தொண்டை எனக்கு, கத்தியே பேசினேன். எங்கள் சம்பந்தியம்மாவின் அருமை பெருமையெல்லாம் தெருவுக்கே தெரிந்துபோயிற்று. அவர் களைத்து நைசாக நிழல் பக்கம் வந்தால், "போங்க அந்தப் பக்கம்!" என்று விரட்டுவேன்.

ஒருநாள் தெருமுனைப் பூக்காரம்மா என்னை நிறுத்தினாள். "என்னக்கா, சாருக்கும் உனக்கும் ஜகளாவா? சண்டைன்னா வீட்டோட வெச்சுக்கக் கூடாதா?"

எனக்கு மானமே போயிற்று. எதிர் ஓரத்தில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் கிளம்பும்போது அவர் கையில் ஒரு கறுப்புக் குடை.

"மழையில்லாத நாள்ல குடையா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"சண்டைன்னு நினைக்கிறதுக்கு இது தேவலை."

தோல் டாக்டரும் குடையைத்தான் சொல்லியிருந்தார். வீம்புக்காரி நான், காதில் வாங்கவில்லை. அன்று இருவருமே வெயில் ஓரத்தில் நடந்தோம். அவர் பிடித்த குடை முழுக்க என் தலைக்கு மேல். அவர் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு, குடைக்கு வெளியே. பக்கத்திலேயே இருந்ததால் கத்த வேண்டியதில்லை. அப்பாடா என்றிருந்தது. சம்பந்தியம்மாவின் மிச்சக் கதையை மெதுவாகவே சொல்லி முடித்தேன்.

இது நடந்து சில மாதங்கள் ஆகின்றன. அவர் நன்றாகக் கறுத்துவிட்டார்; நாற்காலியிலிருந்து எழ இப்போது என் தோள் தேவையில்லை. அவர் தோலும் தோல்தானே என்று இருபது நிமிடத்துக்கு மேல் நான் விடுவதில்லை. முந்தாநாள் திரும்பி வரும்போது, "கை வலிக்கும், குடுங்க, நானே பிடிச்சுக்கறேன்" என்றேன்.

"வலிக்கல" என்றார். "இத்தனை நாள் வெயில்ல காஞ்சது வேற எதுக்குன்னு நினைச்சே?"