ஒத்திகை மாப்பிள்ளை

இறையியல் கல்லூரி டிரைவருக்கு எத்தனை தடவை கல்யாணம் ஆனது என்று அவருக்கே கணக்கில்லை. போதகராகப் படிக்கிற பையன்கள் திருமணம் நடத்திவைத்துப் பழக ஒரு ஜோடி வேண்டும். ஞானஸ்நானத்துக்குப் பிளாஸ்டிக் பொம்மை இருந்தது. சவ அடக்க ஆராதனைக்குக் காலி மேசை போதும். கல்யாணத்துக்கு மட்டும் உயிருள்ள ஆள் தேவைப்பட்டது. மனைவியை இழந்த டிரைவர் மணமகன், கணவனை இழந்த நூலகத்து அக்கா மணமகள். பையன்கள் அவரை 'மாப்பிள்ளை' என்றே கூப்பிடுவார்கள். அவரும் வாயெல்லாம் பல்லாகத் திரும்பிப் பார்ப்பார்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. "சம்மதமா?" என்று கேட்கும் இடம் வந்ததும் பழைய பேராசிரியர், "போதும், அடுத்த ஆள்" என்று நிறுத்திவிடுவார். கடவுள் சந்நிதியில் விளையாட்டுக்குக்கூட வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது அவர் கட்சி. டிரைவருக்கு அது வசதியாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. அக்கா மேல் அவருக்கு ஆசை வந்து வருடங்கள் ஆகின்றன. கல்லூரிப் பேருந்தை முட்டுச்சந்துக்குள் பின்னாலேயே எடுத்துவிடுகிற மனுஷனுக்கு இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

அந்த வருடம் விழா மேல் விழா. புதியவர்களுக்கு வரவேற்பு முடிந்த கையோடு முதல்வரின் குழந்தைக்கு ஞானஸ்நானம். பிறகு பழைய பேராசிரியருக்கு வழியனுப்பு. எல்லாவற்றுக்கும் நாற்காலி ஏற்றி இறக்கியே டிரைவரின் இடுப்பு ஒடிந்தது. கல்லூரிச் சிற்றாலயத்தின் பொன்விழா மேடையில் முதல்வர் இன்னொன்றையும் அறிவித்தார். பட்டமளிப்பு முடிந்ததும் நூலகத்து அக்கா ஓய்வுபெற்று, வெளியூரில் மகளோடு போய் இருக்கப்போகிறாராம். எல்லோரும் கைதட்டினார்கள். டிரைவருக்குக் கை எழவில்லை.

அதற்குப் பிறகும் அவர் வாயைத் திறந்தாரா என்றால், இல்லை. நமக்குத்தான் கோபம் கோபமாக வருகிறது.

பட்டமளிப்புக்கு முந்திய வாரம் கடைசி ஒத்திகை. புதிதாக வந்த பேராசிரியைக்குப் பழைய கட்டுப்பாடு தெரியாது. போதகர் இடத்தில் நின்ற மாணவன் புத்தகத்தைப் பார்த்துக் கேட்டான்: "இந்தப் பெண்ணை உம்முடைய மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?"

நிறுத்த ஆளில்லை. டிரைவர் திருதிருவென்று விழித்தார்.

"சும்மா சொல்லுங்க மாப்பிள்ளை," என்றான் பின்வரிசையில் ஒருவன்.

"சும்மால்லாம் சொல்ல முடியாதுப்பா." டிரைவர் அக்காவைப் பார்த்தார். "நிஜமாவே சொல்றேன். சம்மதம்."

சிரிக்கத் தொடங்கியவர்கள் அவர் முகத்தைப் பார்த்து அடங்கினார்கள். மாணவன் மட்டும் ஒன்றும் புரியாமல் அடுத்த கேள்விக்காகப் பக்கத்தைப் புரட்டினான்.

"தம்பி, நீ கொஞ்சம் சும்மா இரு," என்றார் அக்கா. டிரைவர் பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷமா பக்கத்துல நிக்கிறீங்க. யாரோ ஒரு பையன் கேட்டாத்தான் வாய் வருமா? நீங்களே கேளுங்க."

"என்னைக் கட்டிக்கிறீங்களா?"

"மகள்கிட்ட வரலைன்னு போன வாரமே சொல்லிட்டேன்," என்றார் அக்கா. "நீங்க கேட்காமலே இருந்திருந்தா நான் எங்க போய் நின்னிருப்பேன்?"