தொண்ணூற்றொன்றாம் சங்கீதம்

1926-இல் தென்காசிப் பக்கம் வாந்திபேதி பரவியபோது, ஞானப்பூ வீடு வீடாகப் போய் வேதம் வாசித்து ஜெபிக்கிற மிஷன் ஊழியக்காரியாக இருந்தாள். கணவன் இறந்துபோயிருந்தான், எட்டு வயது மகள் கிருபை மட்டும்தான் துணை. கொள்ளைநோய் உன் வீட்டண்டை வராது என்று கர்த்தர் வாக்குக் கொடுக்கும் தொண்ணூற்றொன்றாம் சங்கீதத்தை அவள் எல்லா வீட்டிலும் வாசித்தாள். முழுமனதாக நம்பித்தான் வாசித்தாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் கிருபைக்கு வயிற்றால் போனது. சாயங்காலத்துக்குள் பிள்ளை கண்ணை மூடிவிட்டாள்.

பத்தாம் நாள் அச்சன்புதூரிலிருந்து, ஞானப்பூ முன்பு வேதம் வாசித்த வீட்டுக்காரி பேச்சித்தாய் ஓடிவந்தாள். "எங்க வீட்டு அவுகளுக்கும் பேதி வந்துட்டும்மா. அந்த வாக்க வந்து ஒருக்க வாசிங்க."

"அது எனக்கே பலிக்கலயே, பேச்சித்தாய். நான் எந்த வாயால வாசிப்பேன்?"

"எனக்கு வேற யாரும்மா இருக்கா?"

ஞானப்பூவுக்கு மட்டும் வேறு யார் இருந்தார்கள்? போனாள். நோயாளியின் பாயருகே உட்கார்ந்து வாசித்தாள். பாதியில் நிறுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியையும் வாசித்து முடித்தாள்.

அந்த மனிதன் பிழைத்துக்கொண்டான். அடுத்த வாரம் பேச்சித்தாய் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். "உங்க சாமி சொன்ன சொல்லு தப்பலம்மா!" என்று ஞானப்பூவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஞானப்பூ பழத்தை வாங்கி வைத்துவிட்டு அவளை வாசல்வரை கொண்டுவிட்டாள். பேச்சித்தாய் போனபிறகு முழங்காலிட்டு, "ஆண்டவரே, என் பிள்ளை?" என்று மட்டும் கேட்டாள். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.