பல்லாவரத்தை நிறுத்தப் போய்

யூனிஸை அந்தக் கல்லூரியில் எல்லோரும் ‘சர்வர் மேடம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். படித்ததென்னவோ பி.ஏ. வரலாறு. லேப் உதவியாளராகப் பொத்தேரியிலிருந்த அந்தக் கல்லூரிக்கு வந்தவள், சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் தானே முட்டி மோதி லினக்ஸ் கற்றுக்கொண்டாள். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. பி.இ. படித்தவர்களே அவளிடம் வந்து சந்தேகம் கேட்டுவிட்டு, கேட்காத மாதிரி போவார்கள்.

பூட்டிய அறைக்குள் ஒரே ஒரு பெரிய சர்வர். அதற்குள், அதன் மெமரியைப் பங்குபோட்டுக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஐந்து மெஷின்கள். தினம் சேலையூரிலிருந்து பஸ்ஸும் ரயிலுமாக வருகிறவள் அல்லவா, அவற்றுக்கு அந்த ரயில் பாதையின் ஸ்டேஷன் பெயர்களையே வைத்திருந்தாள். நூலகம் பல்லாவரம். தேர்வு நடத்துவது குரோம்பேட்டை. பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் ஐந்தும் வரிசையாக நிற்கும். எது அதிக மெமரி தின்கிறதோ அது மேலே. அரை நிமிடத்துக்கு ஒரு தரம் வரிசை தானாக மாறும். வேண்டியதை அங்கேயே நிறுத்தலாம், எழுப்பலாம். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டாம்.

2009 பிப்ரவரி. எங்கே பார்த்தாலும் ஆட்குறைப்பு. அந்த வருஷம் வேலைக்கு ஆள் எடுக்க வந்ததே ஒரு கம்பெனிதான். கல்லூரியின் சர்வரிலேயே ஆன்லைன் தேர்வு, பத்திலிருந்து பன்னிரண்டு வரை, இருநூற்றுப் பன்னிரண்டு பேர். இதை விட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு நாதி கிடையாது.

பதினோரு மணிக்குக் குரோம்பேட்டை திணற ஆரம்பித்தது. ஒரு கேள்வி திறக்க ஒரு யுகம் ஆகிறது என்று லேபிலிருந்து போன் மேல் போன். நூலகத்தை இப்போது யார் பார்க்கப் போகிறார்கள்? பல்லாவரத்தை நிறுத்தினால் அதன் மெமரி மிச்சமாகும். சுட்டியைக் கொண்டுபோனாள். அந்தக் கணம் பார்த்தா மின்சாரம் போய்த் தொலைய வேண்டும்? டியூப்லைட் அணைந்தது. யூ.பி.எஸ். இருந்ததால் கம்ப்யூட்டர் அணையவில்லை. அண்ணாந்து பார்த்தபடியே அழுத்தினாள். ‘நிச்சயமாக நிறுத்தவா?’ என்று ஒரு பெட்டி வந்தது. ஆயிரம் தடவை ஓகே கொடுத்த பெட்டி. அதில் இருந்த பெயரை யார் படித்தார்கள்?

அவள் அண்ணாந்த நேரத்தில் வரிசை மாறியிருந்தது. நின்றுபோனது குரோம்பேட்டை.

“ஐயோ, இயேசப்பா!” என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள். உடனே அதை மறுபடி கிளப்பினாள். அது எழுந்து உட்கார நான்கு நிமிடம். நான்கு நிமிடமும் லேபில் பிள்ளைகள் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் அழுகிற சத்தம் இங்கே வரை கேட்டது. கடைசியாக எழுதிய பக்கம் பலருக்கும் போயே போய்விட்டது.

அவள் லேபுக்கு ஓடியபோது முதல்வர் வேதசிரோமணி அங்கே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கம்பெனி அதிகாரி நிஷா.

“கரண்ட் பிரச்சினைன்னா அரை மணி நேரம் எக்ஸ்ட்ரா தரலாம் சார், எங்க ரூல்ல இருக்கு. ஆனா டெஸ்ட் நடக்கும்போது ஸ்டாஃப் யாராவது சிஸ்டத்தைத் தொட்டிருந்தா டெஸ்ட்டே கேன்சல். ரெண்டுல எது?”

“கரண்ட்தான் மேடம். இந்த எலக்ட்ரீஷியன் பூவராகன் நேரத்துக்கு ஜெனரேட்டரைப் போட்டிருக்க மாட்டான். போன மாசமே டீசல் இல்லாம மானத்தை வாங்கினான். அப்பவே சொன்னேன், இன்னொரு தடவைன்னா வீட்டுக்குப் போகணும்னு.” முதல்வர் அவள் பக்கம் திரும்பினார். “அப்படித்தானே யூனிஸ்?”

ஜெனரேட்டர் எப்போதோ ஓடத் தொடங்கிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். வாசலில், கையில் டீசல் கறையோடு, பூவராகனே நின்றார். பன்னிரண்டு வருஷ கான்ட்ராக்ட் ஆள். வைகாசியில் மகள் கல்யாணம். இருநூற்றுப் பன்னிரண்டு முகங்கள் ஒரு பக்கம், அந்த ஒரு முகம் ஒரு பக்கம்.

“ஆமா சார். பவர்தான்,” என்றாள் யூனிஸ்.

பூவராகன் அவளையே பார்த்தார். பிறகு திரும்பி ஜெனரேட்டர் பக்கம் நடந்தார்.

அரை மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. நான்கு மணிக்குப் பட்டியல் வந்தது. அறுபத்தோரு பேர். பிள்ளைகள் கத்திய கத்தலில் கட்டடமே அதிர்ந்தது. பூவராகனை மூன்று மணிக்கே கணக்கு முடித்து அனுப்பியிருந்தார்கள்.

யூனிஸால் தாங்க முடியவில்லை. நேராக முதல்வர் அறைக்குப் போய் உள்ளதை உள்ளபடி கொட்டிவிட்டாள். “என்னை அனுப்புங்க சார். அவரைக் கூப்பிட்டுக்கங்க.”

வேதசிரோமணி எழுந்து கதவைச் சாத்தினார். “அவனைத் திரும்ப எடுத்தா ஏன்னு கேப்பாங்க. கம்பெனி காதுல விழுந்தா அறுபத்தோரு ஆர்டரும் காலி. நீயும் போக வேண்டாம், அவனும் வர வேண்டாம். வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரும்மா.” அவளும் வேலையைப் பார்த்தாள். என்ன மனுஷி என்று திட்டத் தோன்றுகிறதா? அவளே தன்னைத் திட்டிக்கொண்டுதான் மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தாள்.

நான்காம் நாள் சாயங்காலம் தாம்பரம் வண்டியில் ஏறாமல், எதிர்ப்பக்கம் செங்கல்பட்டு வண்டியில் ஏறி, சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனாள். பூவராகன் வாசற்படியில் உட்கார்ந்து யார் வீட்டு மிக்ஸியையோ பிரித்துப் போட்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

“வாம்மா. எத்தினி பேரு செலக்ட்டு ஆனாங்கோ?”

“அறுபத்தொண்ணு.”

“பரவால்லியே! நல்லா இருக்கட்டும் பசங்கோ.”

“அண்ணா, ஜெனரேட்டர் இல்ல. நான்தான் நிறுத்தினேன். தெரியாம...” அழுதுவிட்டாள்.

“தெரியும்மா. இருவது செகண்டுல போட்டேன், வாட்ச்ச பாத்துகினே போட்டேன்.” திருப்புளியைக் கீழே வைத்தார். “அந்தக் கம்பெனிக்காரம்மா சொன்னத நானுந்தான் வாசல்ல நின்னுகினு கேட்டேன். பசங்க பொழப்பு கீதுல்ல? ‘அண்ணா, ஒம்பேர சொல்லிக்கிறேன்’னு என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, நானே எல்லார் முன்னாடியும் என் தப்புன்னு சொல்லிட்டு போயிருப்பேன்.”

உள்ளே திரும்பி, “தண்ணி எடுத்துகினு வா” என்று மகளுக்குக் குரல் கொடுத்தார். பிறகு யூனிஸைப் பார்க்காமலே சொன்னார்:

“நீ கேக்கவே இல்லியேம்மா.”