புடலைப் பந்தலில் தொங்கும் நட்டுகள்

குணசீலி அக்கா இறந்த செய்தி எனக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்தது. பஸ் தொழிற்பேட்டைக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பத்மா போன் செய்தாள். நைட் ஷிப்ட் முடித்து வந்த அக்கா வாசலிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். பத்மா அதோடு நிறுத்தியிருக்கலாம். "நான் அன்னிக்கே சொன்னேன்டி, அந்த எடம் சும்மா உடாதுன்னு" என்றாள். எனக்கு அழுகைக்கு முன் கோபம் வந்தது.

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கம்பெனியில் செக்கிங் மேஜையிலும் எங்கள் லைன் வீடுகளிலும் அவரோடு பழகியவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அக்காவின் அப்பாவும் அண்ணனும் இதே நெஞ்சுவலியில்தான் போனார்கள். அதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். எந்த இடமும் அவரைக் கொண்டுபோகவில்லை.

இடம் என்று பத்மா சொன்னது எங்கள் வீடுகளுக்கும் ஒரு குடோன் சுவருக்கும் நடுவே கிடக்கும் வெற்று மனை. கும்மிடிப்பூண்டியில் ஒரு சாண் நிலத்துக்கு அடித்துக்கொள்வார்கள். இதை மட்டும் யாரும் சீந்தியதில்லை. அங்கே இருக்கும் வேப்பமரத்தடியில் பல வருஷங்களுக்கு முன் வேலைக்கு வந்த ஒரு வெளியூர் ஆள் உயிரை விட்டானாம். குப்பையைக்கூட எட்ட நின்றுதான் வீசுவார்கள். அங்கே தோட்டம் போடட்டுமா என்று அக்கா கேட்டபோது, அந்த மனைக்கும் சொந்தக்காரரான எங்கள் வீட்டு ஓனர், "தாராளமா போட்டுக்கோம்மா. எனக்கு மட்டும் காய் குடுத்தனுப்பாத" என்றார்.

"பயமா இல்லியாக்கா?" என்று கேட்டேன்.

"இன்னா பயம்? பேய் இருந்தா நல்லதாப் போச்சு. ரெண்டு கொடம் தண்ணி ஊத்தட்டும். எனக்கு வேலை மிச்சம்."

தோட்டவேலை அவருக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. ஆரம்பாக்கத்தில் அவருடைய அம்மா ஊரார் வயலிலெல்லாம் நாற்று நட்டவர். மகளோ படிப்பு முடிந்ததும் கம்பெனிக்கு வந்து, நட்டுகளில் மரை சரியாக இருக்கிறதா என்று பார்த்தே காலம் கழித்தவர். ஒரு பாக்கெட் வெண்டை விதையை ஒரே குழியில் கொட்டினார். கீரை விதையை முழ ஆழத்தில் புதைத்துவிட்டு, முளைக்கவில்லையே என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனார். கடைக்காரர் சிரித்த சிரிப்பை எங்களிடம் அவரேதான் நடித்துக் காட்டினார்.

புடலை மட்டும் எப்படியோ பிழைத்துப் பந்தலேறியது. காய்கள் சுருண்டுகொண்டன. நுனியில் கல் கட்டினால் நேராக வளரும் என்று யாரோ சொன்னார்கள். அக்கா சூப்பர்வைசரிடம் கேட்டு, மரை சரியில்லை என்று கழித்துப் போட்ட நட்டுகளை ஒரு பை நிறைய வாங்கி வந்தார். இருப்பதிலேயே பெரிய நட்டை முதல் பிஞ்சில் கட்டினார். மறுநாள் பிஞ்சும் நட்டும் சேர்ந்து தரையில் கிடந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு காய்க்கும் நட்டைக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்துத்தான் கட்டுவார். "மொளகாய்க்கும் கட்டுவியாக்கா?" என்று நான் சீண்டினால், "உன் வாய்க்குத்தான் மொதல்ல ஒண்ணு கட்டணும்" என்பார். காற்று வந்தால் நட்டுகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுக்கும். அந்தச் சத்தம் எங்கள் சமையலறைவரை கேட்கும்.

காய் காய்த்துத் தள்ளியது. சாப்பிடத்தான் ஆளில்லை. வீட்டுக்கு வீடு வைத்துவிட்டு வருவார். காலையில் எல்லாம் அவர் வாசலுக்கே திரும்பி வந்திருக்கும். என் வீட்டுக்காரரும் அந்தக் காய் நம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் அக்கா வீட்டிலேயே பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்து, நாங்கள் இருவரும் சுடுசோற்றில் பிசைந்து சாப்பிடுவோம். அவ்வளவு ருசியான கூட்டை நான் வேறெங்கும் சாப்பிட்டதில்லை.

ஒரு சாயங்காலம் அவர் ஒரு காயைக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டதைப் பார்த்துவிட்டேன்.

"இன்னாக்கா, நீயே பேய்க்குப் படைக்கிறியா?"

அவர் சிரிக்கவில்லை. "பேய்க்கு இல்லடி. அவனும் நம்மள மாதிரி பொழைக்க வந்தவன்தானே. மரத்தப் பாத்துப் பயப்படுறாங்க, அவன் பேரு இன்னான்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. மொத காய் அவனுக்கு இருக்கட்டும்."

அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே காற்றில் நட்டுகள் சத்தம் போட்டன. தெரு முழுக்கக் கதவைச் சாத்தியது. "குணசீலி வந்துட்டா" என்றார்கள். இரண்டொரு நாளில் அந்தப் பெயரும் போய், "தோட்டத்துப் பொம்பள" என்றார்கள். சோறு உண்ணாத பிள்ளைகளிடம் தோட்டத்துப் பொம்பளையைக் கூப்பிடுவேன் என்று பத்மா மிரட்டுவது என் காதில் விழுந்தது. அந்த ஆளின் பெயரை விழுங்கிய வாய்கள் இப்போது அக்காவின் பெயரையும் விழுங்குகின்றன. எனக்கு இதுதான் தாங்கவில்லை.

பந்தலைப் பிரித்துப் போடப்போவதாக வீட்டு ஓனர் சொன்னார். காய்ப்பு ஓயும்வரை விடுங்கள், நான் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். "உனக்கும் புத்தி கெட்டுப்போச்சா?" என்றார். ஆனால் விட்டுவைத்திருக்கிறார்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவைதான். முதல் பிஞ்சை ஒடித்த அந்தப் பெரிய நட்டு. அதைச் சமையலறை ஜன்னலில் கயிற்றோடு தொங்கவிட்டிருக்கிறேன். முதல் காய் மரத்தடிக்கு என்ற வழக்கம். இப்போது இரண்டு காய் வைக்கிறேன். யார் தோட்டத்துப் பொம்பளை என்றாலும், "அவங்க பேரு குணசீலி" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன். பிறகு, பேய் இருந்தால் தண்ணீர் ஊற்றட்டும் என்ற அந்தப் பேச்சு.

அதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. காலையில் குடத்தோடு போகிறேன். பந்தலடியில் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, முதலில் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்க்கிறேன். காய்ந்துதான் கிடக்கிறது. காய்ந்துதான் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தொட்டுப் பார்க்காமல் ஒருநாளும் நான் ஊற்றியதில்லை.