கடித்து வைத்த ரொட்டி

மணலில் நிற்கும் கப்பல்களைப் படம் பிடிக்க, ஆரல் கடலோரம் இருந்த எங்கள் மொய்னாக் ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: கடல் எங்கே போச்சு? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பருத்திக்காக ஆற்றை மறித்தவனிடம் போய்க் கேளுங்கள். என்னிடம் கேட்டால் உல்போசினைப் பற்றித்தான் சொல்வேன்.

மீன் ஆலையில் மீனுக்குக் குடல் எடுக்கிற வேலை அவளுக்கு. அறுபத்தெட்டாம் வருஷம் அடித்த புயலில் அவளுடைய ஒரே மகன் சர்செனும் என் தம்பி ஒராஸும் போன படகு திரும்பவில்லை. எங்களில் பயணம் கிளம்புகிறவன் ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவான்; வந்து மிச்சத்தைத் தின்னும்வரை அது சுவரில் தொங்கும். சர்சென் கடித்ததை அவள் இறக்கவே இல்லை.

கடல் பின்வாங்கியபோது ஊரே அழுதது. நாங்கள் கால்வாய் வெட்டி வெட்டித் தண்ணீரின் பின்னால் படகை இழுத்தோம். அவளோ காய்ந்த தரையில் குச்சியை ஊன்றிக்கொண்டு மகனைத் தேடினாள். இன்னும் வற்றட்டும் என்று அவள் சொன்னதை என் காதால் கேட்டேன். சும்மா விடுவேனா? ஊர் வயிற்றில் அடித்தா பிள்ளையைத் தேடுகிறாய், பாவி, என்று நடுத்தெருவில் திட்டினேன். அவள் குச்சியை ஊன்றிக்கொண்டு மேலே நடந்தாள்.

இருபத்தோராம் வருஷம், உப்புக் காற்று கண்ணைக் கரித்த ஒரு காலையில், ஒட்டக வண்டியில் வந்து என் வாசலில் இறங்கினாள். படகு அகப்பட்டுவிட்டதாம். உள்ளே இரண்டு பேர். போர்வையை விரித்தாள். எல்லாம் எலும்பு. எது யாரென்று எப்படிச் சொல்வது?

பையிலிருந்து அந்த ரொட்டியை எடுத்தாள். கல்லாக இறுகியிருந்தது. சர்செனுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். கடித்த இடத்தில் அந்தப் பல் படாத சிறு முனை அப்படியே நின்றது. இரண்டு மண்டையோட்டிலும் வைத்துப் பார்த்தாள். இரண்டாவதில் பொருந்தியது.

"இது என் புள்ள. அது உன் தம்பி. அவன் கடிச்ச ரொட்டிய எடுத்துட்டு வாடா."

எங்கிருந்து எடுப்பேன்? அவன் போன ஆறாம் மாதமே ஆட்டுக்குப் போட்டுவிட்டேன். அதையும் அவளிடம் சொன்னேன். கூசிப்போனேன்.

அன்று பகலிலேயே இருவரையும் அடக்கம் செய்தோம். திரும்பி வந்ததும் அவள் ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்துப் பிட்டாள். ஒரு பாதியை என்னிடம் நீட்டினாள்.

"ரெண்டு பேரும் வந்துட்டாங்கல்ல. தின்னு."

பாவி என்று திட்டிய அதே வாயால் தின்றேன்.