இன்ஸ்பெக்டருக்கு வேற்றுமுகம் வந்த கதை

ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகளில் இரண்டு வகை உண்டு. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் தலைகாட்டுகிறவர்கள் ஒரு வகை. கூப்பிட்டவர் போனை வைப்பதற்குள் வாசலில் நின்று மணியடிக்கிறவர் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையில் அந்த ஊருக்கே ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். பெற்றவர்கள் ஆசையாக வைத்த நீளமான பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அதை முழுதாகக் கூப்பிட்டு முடிப்பதற்குள் அவர் தெருமுனையைத் தாண்டிவிடுவார் என்பதால், எல்லாருக்கும் அவர் ‘அவசரம்’தான்.

வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. அடர்ந்த மீசை, அதைவிட அடர்ந்த தொப்பை. டீ ஆறும்வரை காத்திருந்ததே இல்லை. நாக்கு எப்போதும் சுட்டுப்போயிருக்கும். சந்தோஷம் வந்துவிட்டால் உட்கார மாட்டார், யாரையும் உட்காரவும் விட மாட்டார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று அவர் மனைவி சொல்வாள். அதையும் அவர் பாதியில் வெட்டிவிடுவார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் குழந்தைகள் இல்லத்திலிருந்து போன் வந்தது. பெற்றவர்கள் விட்டுப்போன சின்னஞ்சிறுசுகளை வைத்து வளர்க்கும் இடம் அது. பால் வைக்கிற பெரிய ஃபிரிட்ஜ் நின்றுவிட்டதாம். அவசரம் பறந்தார். ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டு, அடுக்களைத் தரையில் மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கம்ப்ரசரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று வயிற்றில் ஒரு கனம். தலையைத் தூக்கினால், இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு பெண் குழந்தை, பெஞ்சில் உட்காருவது போல அவர் தொப்பையில் உட்கார்ந்து, அவர் வேலையை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது.

“என்ன இன்ஸ்பெக்டர், வேலை திருப்தியா?” என்றார் அவசரம்.

குழந்தை சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் நீட்டி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டது. கிளம்பும்வரை விடவே இல்லை.

வீட்டுக்குப் போனவர் செருப்பைக் கழற்றவில்லை. “இன்னிக்கி என்ன நடந்துச்சு தெரியுமா? ஒரு குழந்தை! என்னைப் பாத்த உடனே, பாத்த உடனேங்கறேன், நேரா வந்து வயித்து மேல உக்காந்துக்கிச்சு!”

“உங்க வயித்தப் பாத்தா யாருக்குத்தான் உக்காரத் தோணாது” என்றாள் மனைவி.

மறுநாள் காலையில் ‘ஃபிரிட்ஜ்ல கேஸ் சரியா நிக்குதான்னு பாக்கணும்’ என்று ஒரு சாக்கைச் சொல்லிக்கொண்டு மறுபடி இல்லத்துக்குப் போனார். சட்டைப்பையில் ஒரு பொம்மைக் கார் வேறு. உள்ளே நுழைந்ததும் அவர் கண்ட காட்சி, தண்ணீர் கேன் போடுகிற ஆள் தோளில் இன்ஸ்பெக்டர். அதே மாதிரி கழுத்தைக் கட்டிக்கொண்டு. கேன்காரர் இறக்கிவிட்டதும் திரும்பிக்கூடப் பார்க்காமல், பல்பு மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் காலைக் கட்டிக்கொண்டாள். அவசரத்துக்கு முகம் தொங்கிப்போனது. வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், பொறாமை.

இல்லத்தை நடத்துகிற வார்டன் நாற்பது வயதுக்காரி, வார்த்தைகளை எண்ணிப் பேசுகிறவள். அவர் நின்ற நிலையைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

“அண்ணே, நேத்து உங்ககிட்ட வந்தாளே, உங்களப் பிடிச்சுப்போய் வந்தான்னு நினைச்சீங்களா?”

“பின்ன?”

“அவளுக்கு எல்லாரும் ஒண்ணுதாண்ணே. அப்படின்னா, அவளுக்குன்னு யாருமே இல்ல.”

அவசரம் சட்டைப்பையிலிருந்த பொம்மைக் காரைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“வீட்ல வளர்ற குழந்தைக்கு ஒரு வயசுக்குள்ள வேத்துமுகம் வந்துடும். புது ஆளப் பாத்தா அழும், அம்மா பின்னால ஒளியும். இவளுக்கு வரவே இல்ல. இங்க ஆயாங்க ஷிஃப்ட் மாறிக்கிட்டே இருக்காங்க. குளிப்பாட்டற கை வேற, ஊட்டற கை வேற, தூங்க வைக்கற கை வேற. பாக்க வர்றவங்க எல்லாம் ‘என்ன சமத்து, யார் தூக்கினாலும் போகுதே’ன்னு மெச்சிட்டுப் போறாங்க. எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு ஒரு வீட்டுக்குத் தத்துக் குடுத்தாலும், அந்த அம்மாவும் இவளுக்கு இன்னொரு கைதான்.”

“இப்ப என்ன பண்ணணும்? சொல்லுங்க, இப்பவே பண்றேன்.”

“இப்பவே பண்ணி முடிக்கற வேலை இல்லண்ணே. தினமும் பண்ணணும். ஒரே ஆள், ஒரே நேரம், இவ ஒருத்திக்கு மட்டும். வந்தா விடாம வரணும்.”

“அட, நானே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேனே!”

“உங்க வயசுக்குத் தர மாட்டாங்க. சட்டம் அப்படி. நல்லாக் கேட்டுக்குங்க. இவ உங்ககிட்ட ஒட்டணும். ஒட்டினதுக்கு அப்புறம் நீங்களே இவள இன்னொருத்தர்கிட்ட விடணும். ஒரு தடவ ஒட்டத் தெரிஞ்ச பிள்ளைதான் மறுபடி ஒட்டும். முடியும்னா வாங்க. முடியாதுன்னா அந்தக் கேட்டத் தாண்டாதீங்க.”

“முடியும்” என்றார் அவசரம். யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அவர் வாழ்க்கையில் நடந்த நல்லதெல்லாம் யோசிக்காமல் செய்ததுதான், கல்யாணம் உட்பட.

போலீஸ் விசாரணை, டாக்டர் சான்றிதழ் எல்லாம் முடிந்து அவர் வேலையில் சேர்ந்தார். சம்பளமில்லாத வேலை. காலையில் கடை திறப்பதற்கு முன்னால் இன்ஸ்பெக்டரைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, கஞ்சி ஊட்டி, கூடத்தில் விளையாட விட வேண்டும். தினம் ஒரே மாதிரி சட்டை போட்டுவரச் சொல்லியிருந்தாள் வார்டன், குழந்தைக்கு அடையாளம் தெரிய. அவர் எடுத்துக்கொண்டது நீலக் கட்டம் போட்ட சட்டை; அந்த மாதிரி ஒன்றுதான் அவரிடம் இருந்தது. “தெருவே உங்களுக்கு வேற சட்டை இல்லன்னு பேசுது, மானம் போகுது” என்று சண்டை பிடித்த மனைவி, மறுநாள் அதே நீலக் கட்டத்தில் இன்னும் இரண்டு வாங்கிவந்தாள்.

இன்ஸ்பெக்டரோ அவரைச் சட்டை செய்யவே இல்லை. வந்தால் ஏறிக்கொள்வாள், போனால் போகட்டும் என்று இருப்பாள். அவர் கேட்டருகில் நின்று “போயிட்டு வரேன், போயிட்டு வரேன்” என்று தொண்டை கிழியக் கத்துவார். அவள் அதற்குள் எந்த ஆயாவின் இடுப்பிலோ இருப்பாள். கஞ்சி ஊட்டினால் அவர் மீசையில் பாதி போகும். சோப்பு நுரையோடு கையிலிருந்து நழுவி, கூடம் முழுக்க அம்மணமாக ஓடுவாள். இவர் துண்டோடு மூச்சிரைக்கப் பின்னால் ஓடுவார்.

“மேடம், வந்துடுச்சா?” என்று தினமும் கேட்பார்.

“வேத்துமுகம் என்ன பஸ்ஸாண்ணே, வந்துச்சா வந்துச்சான்னு கேக்கறீங்க?”

ஆனால் ஏதோ நடந்துகொண்டுதான் இருந்தது. ஒரு நாள் அவர் வாசலில் வண்டியை நிறுத்தும்போதே ஜன்னல் கம்பிக்கிடையே ஒரு மூக்கு தெரிந்தது. இன்னொரு நாள் கிளம்பும்போது அவருடைய ஒரு செருப்பைக் காணோம். தேடினால், இன்ஸ்பெக்டர் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவர் ஒற்றைச் செருப்போடு கடைக்குப் போய், வந்த வாடிக்கையாளர்களிடமெல்லாம் காலைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்புறம் வந்தது அந்தக் காலை. இல்லத்துக்கு நன்கொடை கொடுக்கிற ஜவுளிக்கடை முதலாளி, பழக்கூடையும் போட்டோகிராபருமாக வந்திறங்கினார். அவர் எப்போது வந்தாலும் போட்டோவுக்கு இன்ஸ்பெக்டரைத்தான் தூக்குவார். அழாத பிள்ளை, படம் நன்றாக விழும்.

“எங்க நம்ம செல்லம்?” என்று கையை நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தாள். உதடு பிதுங்கியது. ஓடிப்போய் நீலக் கட்டத்துக்குப் பின்னால் ஒளிந்து, அவசரத்தின் காலைக் கட்டிக்கொண்டு, கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி வீறிட்டாள். முதலாளி விடாமல் தூக்கப் பார்த்தார். அவர் மூக்குக்கண்ணாடி பறந்தது.

“மாமா! மாமா! மாமா!”

அதற்கு முன் அவள் யாரையும் எதையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவசரம் அவளை அள்ளித் தூக்கினார். “அழுதுட்டா! மேடம், அழுதுட்டா! பாத்தீங்களா, எப்படி அழறா பாருங்க!” என்று குதித்தார். ஆயாக்கள் கை தட்டினார்கள். வார்த்தைகளை எண்ணிப் பேசுகிற வார்டன் சுவரில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். குழந்தை கதற, சுற்றியிருப்பவர்கள் எல்லாம் கொண்டாடுவதைக் கண்ட முதலாளிக்குத் தான் எங்கே வந்திருக்கிறோம் என்றே சந்தேகம் வந்துவிட்டது. பழக்கூடையை வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். நல்ல மனுஷர்தான், பிறகு விஷயம் தெரிந்து அவரும் சிரித்தார்.

அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு தம்பதி வந்தார்கள். தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்கள். இன்ஸ்பெக்டரை அவர்களுக்குத்தான் ஒதுக்கியிருந்தார்கள். அந்தப் பெண் பயந்து பயந்து கையை நீட்டினாள். இன்ஸ்பெக்டர் வீறிட்டு அவசரத்தின் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள்.

அந்தப் பெண்ணின் கை அப்படியே நின்றது. “எங்களப் பிடிக்கல போலிருக்கு” என்றாள் மெல்ல. அவள் கணவன் வார்டனைத் தனியே கூப்பிட்டு, வேறு குழந்தை இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

அவசரத்துக்கு உள்ளே குபீரென்று ஒரு சந்தோஷம் பொங்கியது. போகட்டும், போய்விடட்டும்! இவள் என்னிடமே இருப்பாள்! அது நல்ல சந்தோஷம் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. வயது ஏற ஏற இவள் இங்கே இன்னும் எத்தனை கைகளுக்கு மாறுவாள்? தன் கழுத்திலிருந்து அந்தச் சின்னக் கைகளைப் பிரிக்காமலே, அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்றார்.

“போயிடாதீங்க, தங்கச்சி. முன்னாடியே நீங்க வந்திருந்தா ஓடிவந்து உங்க இடுப்புல ஏறியிருப்பா. தண்ணி கேன்காரர் இடுப்புலயும் அப்படித்தான் ஏறுவா. இந்த அழுகை இருக்கே, இதுக்கு நாங்க பட்ட பாடு கொஞ்சமில்ல. உங்களுக்காகவும் ஒரு நாள் இப்படி அழுவா. தினமும் வாங்க. எங்கிட்டயே ஒட்டிக்கிட்டா, உங்ககிட்ட ஒட்ட மாட்டாளா?”

அவள் அவரையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். “நாளைக்கு எத்தன மணிக்குண்ணே வரணும்?” என்றாள்.

தினமும் கடையை மதியம் சாத்திவிட்டு வந்தாள். அவசரமும் மதியத்துக்கு மாறினார். முதலில் அவளுக்கும் குழந்தைக்கும் நடுவில் உட்கார்ந்தார். பிறகு கதவோரம். பிறகு கூடத்தின் கோடியில். குழந்தையைக் கூப்பிடக் கூடாது, கை நீட்டக் கூடாது, கூடத்தில் வாயையே திறக்கக் கூடாது என்று வார்டனின் உத்தரவு. எவ்வளவோ கம்ப்ரசர்களை முதுகில் சுமந்திருக்கிறார். சும்மா உட்கார்ந்திருப்பது போல ஒரு வேலை அவர் செய்ததில்லை. ஸ்பூனை இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தால்தான் வாய் திறப்பாள், தூக்கம் வந்தால் காதைப் பிடித்து இழுப்பாள், இடது இடுப்பில்தான் உட்காருவாள் என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம், அந்தப் பெண் கிளம்பும்போது வாசலில் வைத்து அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். சொல்லச் சொல்ல நெஞ்சு வலித்தது. வீட்டில் தட்டை அப்படியே தள்ளிவைத்தார். “அழணும்னா அழுதுடுங்களேன், யாரு வேணாம்னா” என்றாள் மனைவி. அன்றைக்கு அவள் சொன்னதை அவர் குறுக்கே வெட்டவில்லை.

ஒரு மதியம் கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். அந்தப் பெண் ஜன்னலருகே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவசரம் கோடியில். நடுவே ஓடிவந்த இன்ஸ்பெக்டர் ஈரத்தில் சறுக்கி, முகவாய் தரையில் பட விழுந்தாள். ‘டக்’ என்று சத்தம். உதட்டில் ரத்தம்.

உத்தரவெல்லாம் பறந்துபோனது. அவசரம் எழுந்து, முழங்காலிட்டு, இரண்டு கைகளையும் விரித்துவிட்டார். குழந்தை எழுந்தது. அவரைப் பார்த்தது. அழுதுகொண்டே அவர் பக்கமாக ஓடிவந்தது. இதோ, இன்னும் இரண்டு எட்டுதான். விரிந்த கைகளைத் தாண்டி, துணிகளையெல்லாம் இறைத்துவிட்டு எழுந்து ஓடிவந்த அந்தப் பெண்ணின் மடியில் போய் விழுந்து, அவள் புடவையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது.

“ரத்தம் வருதுண்ணே, என்ன பண்ணட்டும்?” என்று பதறினாள் அவள்.

அவருக்குத் தெரியும். முதுகைத் தட்ட வேண்டும், ஈரத் துணியால் அழுத்த வேண்டும், காதருகே ‘ம்ம்’ என்று ராகம் போட வேண்டும். உதட்டைப் பார்க்கக் குனிந்தார். ஒரு சின்னக் கை வந்து அவர் மீசையைத் தள்ளிவிட்டது.

“நீங்களே பாத்துக்குவீங்க, தங்கச்சி” என்று சொல்லிவிட்டு முற்றத்துக்கு வந்தார். குழாயடியில் நின்று நீலக் கட்டச் சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. வார்டன் பின்னாலேயே வந்து நின்றாள்.

“ரொம்ப வலிக்குதாண்ணே?”

“வலிக்குது மேடம், வலிக்காம என்ன?” என்றார் அவசரம். அழுதுகொண்டே, முகமெல்லாம் சிரிப்பாக, அவள் கையைப் பிடித்து உலுக்கினார். “ஆனா எப்படி ஓடினா, பாத்தீங்களா! என்னைத் தாண்டி, நேரா, எப்படி ஓடினா!”